யானிபாவின் முதல் சிரிப்பு

ஏப்ரல் 7, திங்கள்

மணல் காற்று. வகுப்பில் பாதிப் பேர் இல்லை. "நம்ம பழங்குடி முறைப்படி முதல்ல அம்மா வழிக் குலத்தைச் சொல்லிட்டு எழுதுங்க" என்றால், "கவிதைக்கு எதுக்கு டீச்சர் குலம்?" என்கிறார்கள். சுட்டிகள்.

சாயங்காலம் தங்கை லாவெர்ன் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. அவள் குழந்தை யானிபா இன்னும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. ரயில் பாதை வேலைக்காக நெப்ராஸ்கா போயிருக்கும் டெல்பர்ட், தினமும் போனில் பெண்டாட்டியிடம் அதைத்தான் கேட்கிறானாம்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் கிளம்பி வர்றார். அதுவரைக்கும் யாரும் இவகிட்ட கோணங்கித்தனம் பண்ணக் கூடாது. நம்ம வழக்கப்படி, குழந்தையை முதல்ல சிரிக்க வைக்கிறவங்கதானே விருந்து வைக்கணும், அவங்க குணம்தானே ஒட்டும்? அவர் தாராளக் கை. உன்னைத்தான் அக்கா சொல்றேன், கஞ்சப் பிசினாரி!"

நானும் சேர்ந்து சிரித்தேன். சுருக்கென்றுதான் இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

பாவி நான்.

லாவெர்ன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்கு நான் எழுதிய கவிதையைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பாட்டி காலத்தில், மேய்ச்சல் நிலம் கெடுகிறதென்று அரசாங்கம் நம் ஆடுகளைச் சுட்டுத் தள்ளிய கதை. தாயைத் தேடிக் குட்டி கத்தும் இடத்தில் நானும் கத்தினேன். எல்லோரும் அழுவார்கள் என்று நினைத்த இடம் அது. பலகைத் தொட்டிலிலிருந்து கலகலவென்று சிரிப்பு!

யானிபாவின் வாயை விரலால் பொத்தினேன். ஆமாம், பொத்தினேன்.

"அழுதாளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் லாவெர்ன். "இல்லையே" என்றேன். பொய் இல்லைதான்— சீ, என்ன புத்தி இது.

ஏப்ரல் 10

சொன்னால் டெல்பர்ட்டிடமிருந்து பறித்த மாதிரி. சொல்லாவிட்டால் விருந்தை வேறு ஆள் வைத்ததாகிவிடும், பிள்ளைக்குச் சேராது. பெரியம்மாவாம் பெரியம்மா.

ஏப்ரல் 12, சனி

டெல்பர்ட் விடிய விடிய ஓட்டி வந்து, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு குதித்தான். யானிபா சிரித்தாள். "சிரிச்சுட்டா! என்னைப் பாத்துச் சிரிச்சுட்டா!" வாசலுக்கு ஓடிக் கத்தினான். கண்ணெல்லாம் தண்ணீர். உடனே பட்டிக்குப் போய் விருந்துக்கு ஆட்டைப் பிடித்தான்.

பின்னாலேயே போனேன். "டெல்பர்ட், புதன்கிழமையே சிரிச்சுட்டாப்பா. எங்கிட்ட."

கயிற்றை விட்டுவிட்டான்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டிருக்கலாமே அக்கா."

கூட்டத்துக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போய் வாசிப்பது?

ஏப்ரல் 13, ஞாயிறு

விருந்து என் வீட்டில். யானிபாவை மடியில் வைத்து, அவள் கையைப் பிடித்து, கொடுக்கும் குணம் வரட்டும் என்று, வழக்கப்படி வந்தவர்களுக்கெல்லாம் உப்பு கொடுக்க வைத்தேன். லாவெர்ன் வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் டெல்பர்ட் வந்தான். பெற்ற மகளிடம் விருந்தாளி போலக் கை நீட்டி நின்றான். உப்பை வாயில் போட்டுக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் செய்தது சரிதான். சரிதானா?

ஏப்ரல் 17, வியாழன்

நெப்ராஸ்காவிலிருந்து போன். லாவெர்ன் அதைக் குழந்தை காதில் வைத்து, "அப்பா பேசறாருடி, சிரிடி" என்று கெஞ்சினாள். யானிபா உம்மென்று இருந்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்; என்னைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கேக்குது! என் குரலுக்குத்தான் சிரிக்கிறா!" போனுக்குள் டெல்பர்ட் கத்தினான்.

லாவெர்ன் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.