கொதிக்கும் காற்றுக்கு அந்தப் பக்கம்

இன்று காலை இராசிபுரம் சாலையில் கார்க் கண்ணாடியை இறக்கியதும் ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த மாவு வாடை உள்ளே ஏறியது. கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

உங்கள் தாய்மாமனின் ஆலைக் களத்தைத்தான் நம் முதல் சோதனைக்குப் பிடித்தீர்கள். சூடான காற்று ஒளியை நெளிக்கும். அந்த நெளிவை அளந்து, தொலைநோக்கியில் பொருத்திய மெல்லிய பிரதிபலிப்புக் கண்ணாடி ஒன்று நொடிக்குப் பல நூறு முறை எதிர்ப்பக்கமாக நெளிந்து படத்தை நேராக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் ஒரே ஆய்வகத்தில் இருவரும் மல்லுக்கட்டியது அதற்காகத்தான்.

"வெள்ளை வெளேர்னு ஜவ்வரிசி காயுது சாமி. வெயிலைத் திருப்பி அடிச்சுரும், காத்து அடங்கிக் கெடக்கும்" என்று கணக்குப் போட்டீர்கள். நானும் தலையாட்டினேன். ஆட்கள் களத்தைக் கிளறக் கிளற அடிச்சூடும் ஈரமும் கலந்து கிளம்பும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. கண்ணாடி திணறிப்போனது.

அந்தக் கோடியில், நெளிவை அளக்க உதவும் சிறு விளக்கோடு நீங்கள். இந்தக் கோடியில் தொலைநோக்கியோடு நான். நடுவே கைப்பேசி.

"ஏனுங்க, உங்க மூக்கு ரெண்டாத் தெரியுதுங்க."

"ஒண்ணு இருக்கறப்பவே உன்னோட கேலி தாங்கல. நேராகற வரைக்கும் இங்கயேதான் நிப்பேன் போ."

சாயங்காலம் வரை நின்றீர்கள். நேராகவில்லை. அடுத்த தை பிறக்குமுன் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இன்று அதே களத்தில், உச்சி வெயிலில், கண்ணாடி ஜெயித்துவிட்டது. எதிர்க்கோடியில் நின்ற நண்பரின் சட்டைப் பொத்தானில் பிரிந்திருந்த நூல்கூடத் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் காருக்குப் பின்னால் போய் அழுதேன். இவ்வளவு தெளிவு வந்து நான் யாரைப் பார்க்க?

அன்று தொலைநோக்கி வழியே பதிவான உங்கள் நெளிந்த படம் என்னிடம்தான் இருக்கிறது. ஒளி வந்து சேரும் கணத்தில்தான் இந்தக் கண்ணாடி அதைத் திருத்தும். வந்து முடிந்த ஒளியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கணினியில் போட்டு ஓரளவு சீராக்கித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த நெளிவெல்லாம் நீங்கள் மூச்சுவிட்ட காற்று. அதை எடுத்துவிட்டுத் தெளிந்த முகம் எனக்கு எதற்கு?