மூன்றாம் வாயில்

மார்ச் 4, செவ்வாய்

அளவுச் சக்கரம் என் கைக்கு வந்துவிட்டது! ஒரு நீளக் கம்பி, நுனியில் சக்கரம், அதன்மேல் மீட்டர் காட்டும் சின்னப் பெட்டி. தள்ளிக்கொண்டு நடந்தால் தூரத்தை அதுவே எண்ணிக்கொள்ளும். அலுவலக வராந்தாவில் மூன்று முறை போய் வந்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. அடிக்கோல் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, விளையாட்டு முடிந்ததா என்று கேட்டார். அடிக்கோல் என்பது எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் ஸ்கேல் வைத்துத்தான் கோடு போடுவார்.

போன வருடம் முழுக்க நகரத்துப் பூங்காக்களைக் கணினித் திரையிலேயே மதிப்பிட்டேன். எத்தனை பேருக்கு வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர் நடைக்குள் பூங்கா இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை. இந்த வருடம் எந்தெந்தப் பகுதியில் வேலை நடக்க வேண்டும் என்ற பட்டியலே என் அறிக்கையை வைத்துத்தான். அந்தப் பட்டியல் பதினான்காம் தேதி நகர சபைக்குப் போகிறது. இப்போது இரண்டாம் கட்டம்: நேரில் போய்த் தரம் பார்ப்பது. மொத்தம் இருபத்து மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண்.

இருபதாம் தேதி என் வேலை நிரந்தரமா என்று தெரியும். ஆறு வருடமாகத் தற்காலிகம். அந்த அறிக்கைக்காகவே கொடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

பெரிய பூங்காவில் முழு நாள். கால் கெஞ்சுகிறது, மனசு மட்டும் துள்ளுகிறது. வெளியே சாலையில் வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. மரங்களுக்கு நடுவே போனதும் முப்பத்திரண்டு. ஆறு டிகிரி! இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், தோலில் உணர்வது வேறு. நிழலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்டேன்.

இருக்கைகள் ஐம்பத்து நான்கு. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பத்தொன்று தேறின. காவலாளி என்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கழிவறைக்கு ஒன்று, அதுவும் கதவு இருப்பதற்காக.

மகள் படிவத்தைப் புரட்டிவிட்டு, "பூங்கா ஃபெயிலானா அதோட அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவியா?" என்றாள். ஏழாம் வகுப்பு. வாய் மட்டும் கல்லூரி.

மார்ச் 6, வியாழன்

இன்று வாயில்கள். ஒன்று சரி, இரண்டு சரி. மூன்றைக் காணோம்.

வரைபடத்தில் கிழக்குச் சுவரில் தெளிவாக இருக்கிறது. சுவரோரமாக மூன்று தரம் நடந்தேன். வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரரைக் கேட்டேன். அங்கே வாயிலே கிடையாது, புல்வெட்டும் இயந்திரம் வைக்கிற தகரக் கொட்டகைதான் இருக்கிறது என்றார். கொட்டகைக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தேன். இருந்தது. இரும்புக் கதவு, துருவேறி, முஷ்டி அளவுப் பூட்டோடு. தான் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, ஒரு நாளும் அது திறந்து பார்த்ததில்லை என்றார்.

பூங்கா அலுவலகப் பதிவேட்டில் ஒரே வரி: "வாயில் 3, பழுது, தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது." என்னைவிட ஐந்து வருடம் மூத்த தற்காலிகம்.

சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. கணினி தூரத்தைக் கணக்கிட்டது வாயில்களை வைத்துத்தானே? நான்தானே மூன்று வாயில்களையும் பழைய வரைபடத்தைப் பார்த்துக் குறித்துக்கொடுத்தேன்? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆறாயிரத்து இருநூறு பேருக்குப் பூங்கா நூற்று நாற்பது மீட்டரில் இருப்பதாக எழுதியது இந்தக் கதவை நம்பித்தான். அந்தப் பகுதிக்கு "போதுமானது" என்று எழுதிப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டேன்.

ஐயோ. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்?

மார்ச் 7, வெள்ளி

கதவின் அந்தப் பக்கத்திலிருந்து பூங்காவின் முதல் வாயில்வரை சக்கரத்தைத் தள்ளினேன். சந்து, கிடங்குச் சுவர், பெரிய சாலை, சிக்னல், மறுபடி சாலை. 1,940 மீட்டர். வழியில் ஒரு மரம் இல்லை. முப்பத்தோரு நிமிடம்.

கதவை ஒட்டியே ஒரு தையல் கடை. கடை என்றால் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், பின்னால் பூங்காச் சுவர். அந்தத் தையல்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாசலில் இலைக் குப்பையைக் குவித்து வைத்திருந்தார். பூங்கா மரத்தின் கிளைகள் சுவரைத் தாண்டி அவர்கள் கூரைகள்மேல் கவிந்திருக்கின்றன. மேலிருந்து எடுத்த படத்தில் அந்தத் தெருவே பச்சையாகத் தெரிந்ததற்குக் காரணம் புரிந்தது. மரப்போர்வைக்கு நான் அறிக்கையில் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போட்டிருந்தேன்.

"இலை எங்களுக்கு, நிழல் அவங்களுக்கு. தினம் ரெண்டு கூடை கூட்டறேன்."

பூங்காவுக்குப் போனதுண்டா என்று கேட்டேன். பேருந்தில் போகும்போது அதன் வாசலை ஒரு தடவை பார்த்ததாகச் சொன்னார். சத்தம் மட்டும் நன்றாகக் கேட்குமாம். ஊஞ்சல் கிரீச்சிட ஆரம்பித்தால் மணி நான்கு என்று அர்த்தமாம். நான் எந்த அலுவலகம் என்று விசாரித்தார். சொன்னேன். மார்க் போடுகிறவளா என்றார். ஆமாம்.

"எங்க தெருவுக்கு எவ்வளவு போட்டீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நூற்றுக்கு எண்பத்தாறு என்றேன். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 8, சனி

எழுத ஒன்றும் இல்லை. பொய். எழுதப் பயமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலேயே சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். மூன்றாம் வாயிலை மூடியதாக மாற்றிக் கணக்கை ஓடவிட்டேன். சுவருக்குக் கிழக்கே முழுவதும் சிவப்பு. சரி, செய்த பாவத்தைப் பார்த்தாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று கதவைத் திறந்ததாக மாற்றி மறுபடி ஓட்டினேன். அத்தனையும் பச்சை!

பட்டியலில் இருக்கிற புதுப் பூங்காக்களோடு ஒப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நிலம் வேண்டும், மரம் வளரப் பத்து வருடம் வேண்டும். அதில் பெரியதே இரண்டாயிரத்து முந்நூறு பேருக்குத்தான் பயன்படும். இங்கே மரம் இருக்கிறது, புல் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது. ஒரு பூட்டைத் திறந்தால் ஆறாயிரத்து இருநூறு பேர்! நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்ததில் அது பின்னால் சாய்ந்து விழுந்தது. பால் பொங்கிவிட்டது என்று நினைத்து என் கணவர் குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.

அவர் பேருந்து ஓட்டுகிற தடம் அந்தப் பகுதி வழியாகத்தான். அங்கே ஏறுகிற ஒருவர்கூடப் பூங்காவுக்கு என்று டிக்கெட் கேட்டதாகக் கண்டக்டர் சொன்னதில்லையாம். கேட்டுக்கொண்டே தலை துவட்டியவர், பிறகு மெதுவாக, "இருபதாம் தேதிக்கு அப்புறம் சொன்னா ஆகாதா?" என்றார். பட்டியல் பதினான்காம் தேதி போகிறதே என்றேன். அதற்குப் பிறகு அடுத்த வருடம்தான். அவர் துண்டைக் கொடியில் போட்டார். இந்த வீட்டுக் கணக்கில் என் நிரந்தரம் எவ்வளவு நாளாக இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

மகள் நடுவில் புகுந்தாள். அவர்கள் ஆசிரியை பரீட்சைத் தாளில் தப்பாகக் கூட்டினால் இவர்களே போய்க் காட்டுவார்களாம். மதிப்பெண் குறைகிற மாதிரி இருந்தாலுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அப்போ மட்டும் காட்ட மாட்டோம்" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். நான்தான் முதலில் நிறுத்தினேன்.

மார்ச் 10, திங்கள்

அடிக்கோலிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அச்சாகி, மேலே எல்லோரும் பாராட்டியும் ஆயிற்று.

"தப்பு இல்லாத அறிக்கை எதும்மா? இருபது தேதி தாண்டட்டும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொல்கிறார், தெரிகிறது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. கெட்ட மனிதராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பதினான்காம் தேதி தாண்டிவிடுமே சார் என்றேன். பதினோரு வருடம் இருந்தவர்கள் இன்னும் ஒரு வருடம் இருக்க மாட்டார்களா என்றார்.

இருப்பாங்க. இருக்கத்தான் இருப்பாங்க. ஆனா நான் எப்படி இருக்கறது?

மார்ச் 11, செவ்வாய்

கடிதம் எழுதினேன். நான்கு தடவை. முதல் மூன்றிலும் "தவறு நேர்ந்துள்ளது" என்று இருந்தது, ஏதோ மழை பெய்த மாதிரி. நான்காவதில் "நான் தவறு செய்தேன்" என்று எழுதினேன். அதன் கீழே அந்த ஒரு கதவின் கணக்கு. அடிக்கோல் மேசையில் வைத்தேன். ரொம்ப நேரம் ஸ்கேலை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆறாயிரத்து இருநூறின் கீழே ஒரு கோடு போட்டு, இயக்குநருக்கு அனுப்பிவிட்டார்.

மார்ச் 12, புதன்

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்!

காலை பத்து மணிக்கு இயக்குநர் மேடம் கூப்பிட்டார். இதுவரை அவரை லிஃப்டில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அவர் மேசையில் என் அறிக்கையும் கடிதமும் பக்கத்துப் பக்கத்தில்.

"நூத்தி நாப்பதுன்னு எழுதினதும் நீங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பதுன்னு எழுதறதும் நீங்க. நான் எதை நம்பறது?"

"சக்கரத்தை நம்புங்க மேடம்."

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? அவர் என்னையே பார்த்தார். கைப்பையை எடுத்தார். போகலாம் என்றார்.

பதினோரு மணி வெயிலில் பூங்காவின் முதல் வாயிலிலிருந்து நடந்தோம். நான், சக்கரம், மேடம், குடையோடு அடிக்கோல். சிக்னலில் நான்கு நிமிடம் நின்றோம். கிடங்குச் சுவரருகே மேடம் செருப்பைக் கழற்றிக் கல்லை உதறினார். உட்கார இடம் எதுவும் இல்லையா என்றார். கேள்வி எண் ஒன்பது மேடம், இருக்கைகள், சுழியம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். 820 மீட்டர் என்றேன். அதற்குப் பிறகு சக்கரத்தை வாங்கி அவரே தள்ளினார். குடை எப்போது அவர் தலைக்கு மேல் போனது என்று தெரியவில்லை.

தையல்காரம்மாவுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாது. வியர்த்து நின்றவரைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். மேடம் குடித்துக்கொண்டிருக்கும்போது, நான்கு மணிக்கு வெகு முன்னாலேயே, ஊஞ்சல் கிரீச்சிட்டது. ஒரு குழந்தை சிரித்தது. மேடம் நிமிர்ந்து, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். தையல்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, சுவரைத் தட்டிக் காட்டினார்.

மேடம் தம்ளரைக் கீழே வைத்தார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 14, வெள்ளி

பட்டியல் போனது. முதல் வரிசையில், புதுப் பூங்காக்களுக்கெல்லாம் மேலே: "வாயில் 3, திறத்தல்." மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் காலைத் தட்டிக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

கிடைக்கவில்லை. ஒரு வருட நீட்டிப்பு மட்டும். காரணத்தில் "தரவுச் சரிபார்ப்பில் குறைபாடு" என்று இருக்கிறது. அது உண்மைதானே? உண்மைன்னா வலிக்கக் கூடாதா என்ன?

வீட்டில் அவர் தட்டை எடுத்து வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு அம்மாவோடு சாப்பிடச் சொன்னார். கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 21, வெள்ளி

மேடம் அறையிலிருந்து குறிப்பு: நகரத்துப் பூங்கா வாயில்கள் அறுபத்து நான்கையும் நேரில் பார்த்து, எது உண்மையாகத் திறந்திருக்கிறது என்று எழுத வேண்டும். பொறுப்பு என்னுடையது. காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவள், பதினோரு மணிக்குள் ஐந்து வாயில் முடித்துவிட்டேன். இரண்டு பூட்டியிருக்கின்றன! இதில் இப்படிச் சந்தோஷப்படுகிறேனே, எனக்கு வெட்கமே கிடையாதா?

ஏப்ரல் 5, சனி

இன்று திறந்தார்கள். கொட்டகையை நான்கடி நகர்த்திவிட்டிருந்தார்கள். பூட்டுக்குச் சாவி யாரிடமும் இல்லை, வெல்டிங்காரர் அறுத்தார். கதவு அழுத அழுகை இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். நாடா இல்லை, பேச்சு இல்லை. தோட்டக்காரர் ஒதுங்கி நின்று வழி விட்டார், அவ்வளவுதான்.

நான்கிலிருந்து ஆறுவரை வாசலோரம் நின்று எண்ணினேன். குழந்தைகள் முதலில் வரவில்லை. தலையை நீட்டிப் பார்த்தார்கள், யாராவது திட்டுகிறார்களா என்று. திட்டவில்லை என்று தெரிந்ததும் மடை திறந்த மாதிரி. ஊன்றுகோலோடு ஒருவர், கைக்குழந்தையோடு இரண்டு பெண்கள், நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு அரைச் சந்து. என் கணவரும் மகளும்கூட வந்துவிட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எனக்கு நிலைகொள்ளவில்லை, பக்கத்தில் நின்ற காவலாளியிடம் எண்ணைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன்.

தையல்காரம்மா மட்டும் வரவில்லை.

ஒரு மாதமாக நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சியே அதுதான், அவர் உள்ளே கால் வைக்கிறது. ஆறு மணிக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தாண்டிப் போனேன். அவர் சீருடைச் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டேன், குரலில் வருத்தம் தெரியத்தான் தெரிந்திருக்கும். அவர் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சட்டையை உதறினார்.

"நாளைக்கு வரேம்மா. இனிமே அது எங்க போயிடப் போகுது?"