மழை என்று அடித்தேன், திறக்கவில்லை

இன்றைக்கும் சோப்பு வாசனை வந்தது. நம் போர்டுக்கு மின்சாரம் கொடுத்து ஐந்து நிமிடம் ஆனால் போதும், அது சூடாகி, நீ வீட்டிலிருந்து கொண்டுவந்த சோப்பு டப்பா மணக்கத் தொடங்கிவிடும். ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, உள்ளங்கையளவு கம்ப்யூட்டரை அதற்குள் உட்கார வைத்தவள் நீதான். "நம்ம கம்ப்யூட்டர் குளிக்கப் போவுது" என்று லேப் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய்.

காய்ச்சல் என்று உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பவில்லை. நேற்று உன் அம்மா பள்ளிக்கூட வாசலில் எனக்காக நின்றிருந்தார்கள்.

"போன்ல போட்டோதாம்மா கெடக்கு, குரலு இல்ல. நீங்க ரெண்டு பேரும் பேசிப் பதிஞ்சீங்கன்னு சொன்னாளே, அது இருக்கா?"

இருக்கிறது. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க நாம் பதிந்த ஒரே ஒரு பதிவு. ஆனால் பாஸ்வேர்டு வைத்தவள் நீ. பதிவு இருக்கும் மெமரி கார்டைப் போர்டிலிருந்து கழற்றி லேப் கம்ப்யூட்டரில் செருகினால், எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது.

"கார்டு போயிடுச்சும்மா. நாளைக்கு அழிச்சிட்டு ஒன்பதாவதுக்குக் குடுக்கணும்" என்கிறார் கம்ப்யூட்டர் சார். எனக்கு இருந்தது இன்று மாலை நாலரை மணி வரைதான்.

போர்டில் லினக்ஸ் போட்ட முதல் நாள், பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது என்பது நமக்குத் தெரியாது. கீபோர்டு செத்துவிட்டது என்று மூன்று கீபோர்டு மாற்றினோம். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீ பாட்டுக்கு அடித்து என்டரைத் தட்டினாய், திறந்துகொண்டது. "கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமாடி?" என்றாய். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றினாய்.

"என்ன வெச்ச?"

"எது வந்தா லீவு விடுவாங்களோ, அது."

"மழையா?"

"மளையேதான்."

"மளை இல்லடி, மழை. நாக்க மடிச்சுச் சொல்லு."

"சரிங்க தமிழம்மா!"

இன்று mazhai என்று அடித்தேன். தவறு. முதல் எழுத்தைப் பெரிதாக்கினேன், நம் வகுப்பைச் சேர்த்தேன், நீ பிறந்த வருடத்தைச் சேர்த்தேன். எல்லாம் தவறு. உன் அம்மா பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் சாவிக்கொத்தை எடுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, நீ சொல்வது மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மளை. malai. அப்படி எழுதினால் அது மலை அல்லவா? நம் பக்கத்தில் ஏது மலை? அதனால்தான் அது எனக்குத் தோன்றவே இல்லை.

திறந்தது.

பதிவு பதினொரு விநாடி. "ஹலோ, ஹலோ. டெஸ்டிங். வெளியில ஒரே மளை" என்கிறாய். உடனே நான் குறுக்கே பாய்கிறேன். "மழை! ழ, ழ! சொல்லு!" மிச்சம் முழுக்க நான்தான். அடியில் நீ என்னவோ பேசுகிறாய், என் சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

உன் அம்மா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து மூன்று தடவை கேட்டார்கள்.

"நீ ஏம்மா நடுவுல பேசுன?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பதிவை அவர்கள் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான்.

வீட்டில் தங்கை ஏதோ வகுப்புச் சண்டையைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. முடித்ததும், "இன்னும் சொல்லு" என்றேன்.

"அவ்ளோதான்" என்றாள்.

எனக்குப் போதவில்லை.