இரண்டு தடவை தூக்கிய கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், அதாவது நான் கழுத்துக்குக் கீழே நலம், அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? இந்த நிலைமையில் தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் அதே தூரம் திரும்பி வருகிறாயே, அதை நினைத்து உன் அம்மா புலம்பாத நாள் இல்லை. நீ வேலை பார்க்கிற அணுமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பு கொடுத்தார்கள், அதை வேண்டாம் என்றுவிட்டு அவ்வளவு தூரத்தில் வீடு பிடித்தீர்கள், கேட்டால் காற்றோட்டமான வீடு என்றாய். சரி, காற்றாவது நன்றாக வரட்டும்.

இங்கே பேக்கரி ஓடுகிறது. கரண்ட் இருந்தால் ஓடுகிறது என்று திருத்திப் படித்துக்கொள். போன வாரம் பன்னுக்குப் பிசைந்த மாவு பொங்கி, தட்டுத் தட்டாகத் தயாராக இருந்தது, அடுப்பைச் சூடேற்றுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. பொங்கின மாவு யாருக்காகவும் காத்திருக்காது என்பது உனக்குத் தெரியும். கண்ணெதிரே தொய்ந்து புளித்துப் போனதை எல்லாம் வாரிக் கொட்டினேன், அப்போது என் வாயில் வந்ததைக் கடிதத்தில் எழுத முடியாது. மறுநாள் கரண்ட் இருந்தது, ஆனால் நிலக்கரி மின் நிலையத்துப் புகை எங்கள் தெருப் பக்கம் திரும்பிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் விரலாலேயே உன் பெயரை எழுதலாம், அவ்வளவு கரி. உன் அம்மாவுக்கு இழுப்பு வந்து படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். கரண்ட் இல்லாவிட்டால் மாவு கெடுகிறது, இருந்தால் மூச்சு கெடுகிறது, இதில் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நம் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கமும் ஓர் அணுமின் நிலையம் கட்டலாமா என்று நகரசபை கேட்டுக்கொண்டிருப்பதை உனக்குச் சொல்லியிருந்தேன். அதற்கு நீ போனில் கலகலவென்று சிரித்து, அது வந்தா எங்களை மாதிரி ஆளுங்க ஆரம்பத்துலேர்ந்தே வேணும்ப்பா, மாற்றல் கேட்டுக்கிட்டுக் குழந்தையோட அங்கயே வந்துடுவோம் என்றாய். நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நான் அன்றைக்கே பின் அறையில் அடுக்கியிருந்த பழைய மாவு டின்களை வெளியே எடுத்துப் போட்டு, தொட்டில் எந்த மூலையில் நிற்கும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். உன் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, புள்ளை வரணும்னு நானும்தான் ஏங்கறேன், அதுக்காக அந்தப் பூதத்தையும் சேர்த்து வீட்டுக்குள்ள கூப்பிடணுமா என்று கேட்டாள். புகையில் மூச்சுத் திணறினவள் நீதானே, உனக்காகவும்தானே என்றேன். அதற்கு அவள், புகை கண்ணுக்குத் தெரியுது, ஜன்னலைச் சாத்திக்கறேன், அது கசிஞ்சா எந்த ஜன்னலைச் சாத்தறது என்றாள். 

நானும் சும்மா இருக்கவில்லை, கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கேட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. நம் எலக்ட்ரீஷியன், மின்னல் என்று கூப்பிடுவோமே அவன்தான், டீயில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டே, அண்ணே, புகை கிடையாது, மழை வெயில்னு பாக்காது, கைப்பிடி எரிபொருள்ல ஊருக்கே வெளிச்சம், கண்ணை மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லுங்க என்றான். கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லலாம் என்று இருந்தேன். அன்று சாயங்காலம் வழக்கமாக ரொட்டி வாங்குகிற ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அம்மா வந்தார். கதிர்வீச்சை நான் திட்ட மாட்டேன் சார், அதுதான் எனக்குச் சோறு போடுது, ஆனா நான் பட்டன்லேர்ந்து கையை எடுத்தா அது நின்னுடும், அங்க எரிச்சு முடிச்ச மிச்சம் நிக்காதே, ஆயிரக்கணக்கான வருஷம் யாரு காவல் இருப்பா என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. விறகு அடுப்பு வைத்திருந்த காலத்தில் சாம்பலைப் பாத்திரம் தேய்க்க என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போவார்கள், இந்த அடுப்புச் சாம்பலை யார் தலையில் கட்டுவது? இதை மின்னலிடம் கேட்டால், மிச்சம் கொஞ்சம்தான்ணே, இரும்பும் கான்கிரீட்டும் போட்டு மூடிடுவாங்க, நிலக்கரிச் சாம்பல் மலை மாதிரி வெளியில கிடக்கே அதுக்கு யாரு காவல் என்கிறான். ஏரித் தண்ணீர் சூடாகும் என்கிறார்கள், ஆகாது என்கிறார்கள், கட்டி முடிப்பதற்குள் நாம் கிழமாகிவிடுவோம் என்கிறார்கள். கடைசியாகப் பேசினவர் பக்கம்தான் நான். அடுத்தவர் வரும்வரை.

இப்படி இருக்கிறவனைப் பள்ளிக்கூட மண்டபத்துக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன ஆகும்? நகரசபை அதிகாரி, நிலையம் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார். எனக்குப் பின் அறையும் தொட்டிலும்தான் கண்ணில் தெரிந்தது, தூக்கிவிட்டேன். வேண்டாம் என்கிறவர்கள் என்றார். பக்கத்தில் உன் அம்மா கை தூக்கினாள், அவள் நெஞ்சு இன்னும் விசில் அடித்துக்கொண்டிருந்தது, நானும் தூக்கிவிட்டேன். கடையில் நின்று நின்று யார் என்ன கேட்டாலும் ஆகட்டும் என்று சொல்லிப் பழகின ஜென்மம், வேறென்ன செய்யும்? இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம், கூட்டிப் பார்த்தால் இருக்கிற ஆட்களைவிட ஒன்று அதிகம். அதிகாரி மறுபடி எண்ணிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, ரெண்டு தடவையும் கை தூக்கினது யாரு, கை தூக்குங்க என்றார். அதற்கும் தூக்கினேன். மண்டபமே சிரித்தது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, அன்றிலிருந்து டீ டம்ளர் என் முன்னால் டொக்கென்று வந்து உட்காருகிறது, அவ்வளவுதான் பேச்சு.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். இந்தத் தடவை கை கிடையாது. வேண்டும் என்கிறவர்கள் ஜன்னல் பக்கம், வேண்டாம் என்கிறவர்கள் வாசல் பக்கம் போய் நிற்க வேண்டுமாம். எல்லாம் என்னால் வந்த வினை. ஆளை இரண்டாகப் பிளந்து நிறுத்த முடியாதே.

நேற்று அந்த எக்ஸ்ரே அம்மா ரொட்டி வாங்கும்போது, உங்க பொண்ணு அங்கதானே வேலை பாக்கறா, நிலையத்துக்குப் பக்கத்துலயே வீடா என்று விசாரித்தார். நான் பெருமையாக, இல்லம்மா, பக்கத்துலயே குடியிருப்பு குடுத்தாங்க, வேண்டாம்னுட்டா, ஒன்றரை மணி நேரம் தள்ளி நல்ல காற்றோட்டமான வீடா பாத்துப் போயிட்டா என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கையில் இடுக்கியோடு அப்படியே நின்றேன், அடுப்பில் இருந்த பிஸ்கட் கருகின வாசனை வந்த பிறகுதான் சுரணை வந்தது.

பாப்பா, அந்த வீடு காற்றுக்காகத்தானா? மாப்பிள்ளையோ வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர், அவருக்காக என்று சொல்ல முடியாது. போனில் கேட்டால் நீ சிரித்துவிட்டு மெகாவாட், சுவர்க் கனம் என்று ஆரம்பித்துவிடுவாய், எனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது, அதனால்தான் எழுதுகிறேன். காற்றுக்காகத்தான் என்றால் தெம்பாக ஜன்னல் பக்கம் நிற்பேன். வேறு எதற்காகவாவது என்றால் நீ விளக்கமே சொல்ல வேண்டாம், அப்பா வாசல் பக்கம் நில்லுங்கள் என்று ஒரு வரி எழுது, நின்றுவிடுகிறேன். அப்படி ஆனால் நீ வர மாட்டாய். அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை.

குட்டி சுகமாகப் பிறந்து, நீண்ட ஆயுளோடும் நல்ல மூச்சோடும் வளர வேண்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசிகள். டாக்டர் கொடுத்த சத்து மாத்திரையை மறக்காதே. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் கூச்சப்படாமல் உட்கார்.

பதிலைக் கடை விலாசத்துக்குப் போடு, வீட்டுக்கு வேண்டாம். இதை நான் உன் அம்மாவிடம் கேட்கவில்லை. தூரம், தூரம் என்று இத்தனை நாள் புலம்புகிறாளே தவிர, நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கச் சொல்லுங்கள் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு இப்போதுதான் அது உறைக்கிறது.

உன் பதிலுக்காக வழி பார்த்திருக்கும்,
அப்பா