படலையில் நின்றவர்களுக்குக் கொடுத்த சோறு

காங்கேசன்துறை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் அப்பாவும் சொல்லச் சொல்ல தங்கை கஜானி எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். மாவிட்டபுரத்துக் கந்தனுக்கு அவ்வளவு தூரமும் பார்வை எட்டும், உங்களையும் அவன் சுகமாக வைத்திருப்பான் என்று முதலில் எழுதச் சொன்னார் அம்மா. போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதிக் கதை கடலுக்குள் விழுந்துவிடுமாம். எனக்கும் உங்கள் முகத்தைத் திரையில் கண்டால் வாய் வராது, அது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டுக் கனகாலம், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் போன கிழமை இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டதால் கரையில் இருந்து அறுந்ததைப் பொத்தித் தைத்துக்கொண்டிருக்கிறார். நாகப்பட்டினத்துக்குப் போகிற கப்பல் கடந்து போனால் மட்டும் ஊசியை நிறுத்திவிட்டு, அது மறையும்வரை பார்ப்பார்.

அங்கே நடக்கிற உங்கள் அகதி வழக்குக்காக வழக்கறிஞர் அனுப்பிய கேள்விகள் கிடைத்தன. சோமசேகரம் மாமாவிடம் கொண்டுபோனோம். அவர் இப்போது சமாதான நீதவான், முத்திரையும் வைத்திருக்கிறார், இங்கிலீசும் தெரியும். அவர் வாசித்துச் சொன்னபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், நாங்கள் இடம்பெயர்ந்து கரவெட்டியில் இருந்தபோது, அம்மா இயக்கப் பெடியளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்ததையும் நீங்கள் அதைச் சைக்கிளில் கொண்டுபோனதையும், யாரும் கேட்காமலே முதல் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல வீட்டுப் பிள்ளை என்று அவர்கள் அறியட்டும் என்றுதானே. இங்கே கலியாணம் பேச வருகிறவர்களும் அதைத்தானே சொல்வார்கள், சோறு போடுகிற வீடு என்று. ஆனால் அங்கே அதைத் தடைசெய்யப்பட்ட பயங்கரவாத இயக்கத்துக்குப் பொருளுதவி என்று எடுத்திருக்கிறார்கள். கொண்டுபோன பத்து வயதுப் பிள்ளையும் அதில் பங்காளியாம். அதைக் காட்டியே உங்களைத் திருப்பி அனுப்பலாமாம். அம்மா கோபிக்கவில்லை. வியந்துபோய் இருந்தார். “என்ரை அடுப்பிலை வெந்தது அவ்வளவு தூரத்துக்குத் தெரியுதே” என்று மட்டும் சொன்னார். அந்தப் பார்சலில் வெள்ளிக்கிழமைகளில் பருப்பும் கத்தரிக்காயும்தான் இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியுமா என்று மாமாவிடம் கேட்டார், உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

மாமா வழி சொன்னார். துவக்குக் காட்டி மிரட்டியதால் பயத்தில் கொடுத்தோம் என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் காணுமாம். அம்மா யோசித்துவிட்டு, பயம் இருந்தது உண்மைதான் என்றார். மயிலிட்டிப் பெரியம்மாவின் மகனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனதும் அந்தப் பெடியள்தானே, அவன் திரும்பவேயில்லை, அதை அம்மா மறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி முழு உண்மை இல்லை என்றார். எங்களுடைய வீட்டில் சமையல் நேரம் வாசல் படலையில் நிற்கிறவன் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் நீ யார், எவ்விடம் என்று கேட்பது. அப்படித்தான் அம்மா வளர்ந்தவர். இந்தியன் ஆமி முதன்முதல் வந்திறங்கியபோது அம்மாவுக்கு என்னுடைய வயது. ஒரு சிப்பாய் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம், பயத்தோடேயே புட்டும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தாராம். ஆமி எங்கள் காணியை விடுவித்து நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது கிணறு இறைக்க வந்த சிங்கள ஆமிப் பெடியனுக்கும் இதே கைதான் சோறு போட்டது. அப்போது நீங்கள் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுப் போய்விட்டீர்கள். அண்ணா, அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனது நான். எனக்கும் அப்போது பத்து வயது. என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டார்கள்.

அப்போதுதான் அப்பா வாய் திறந்தார். அவர் இளந்தாரியாய் அக்கரைக்கு, இந்தியாவுக்கு, தொழிலுக்குப் போன காலத்தில், அங்கே இதே பெடியளுக்கு மாலை போட்டதையும், பயிற்சிக்கு வாகனத்தில் ஏற்றிப் போனதையும் கண்ணால் கண்டவராம். கொஞ்ச வருடத்தில் அதே நாட்டு ஆமி அவர்களோடு சண்டை பிடித்தது, பிறகு தடையும் போட்டது. எங்களுக்குக் குண்டு போட்ட விமானங்களை விற்ற நாடுகளிடம், நீ பொருளுதவி செய்தாயா என்று யாராவது கேட்டதுண்டா என்றார். மாமா செய்தியில் பார்த்ததையும் சொன்னார். அரபு நாடு ஒன்றில் ஒரு மனிதரைப் பயங்கரவாதி என்று அவருடைய தலைக்குக் கோடிக் கணக்கில் விலை வைத்திருந்தார்களாம். இப்போது அவரே அந்த நாட்டுக்குத் தலைவர், விலை வைத்தவர்களே கூப்பிட்டுக் கைகொடுத்தார்களாம். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். கோட்டுப் போட்டு டை கட்டி, பெரிய மண்டபத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பட்டியலில் பேர் எழுதவும் அழிக்கவும் கூடிய கைகள் எவ்வளவு பெரிய கைகளாக இருக்கவேண்டும் என்று கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பருப்பும் கத்தரிக்காயும் மட்டும் இருபது வருடமாக அழியாமல் இருக்கிறது.

அதனால் பெடியளுக்கும் இரண்டு ஆமிக்கும் கொடுத்த மூன்றையும் எழுதவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். மாமாவுக்குச் சினம் வந்துவிட்டது.

“ஆமிக்காரருக்குக் குடுத்ததை அவை கேக்கேல்லை, நாகேஸ். அதைச் சொல்லி வழக்கைக் குழப்பாதை.”

“கேக்காட்டியும் சொல்லவேணும், அண்ணை. எந்தப் பசிக்குக் குடுக்கலாம், எந்தப் பசிக்குக் குடுக்கக்கூடாது எண்டு அவையளிட்டை ஒரு லிஸ்ட் இருந்தா அனுப்பட்டும். நான் குசினியிலை அடுப்புக்கு மேலை ஒட்டி வைக்கிறன்.”

“உனக்கு ஐ.நா. சபையிலை ஒரு கதிரை போடவேணும்.”

“கதிரையிலை இருந்தா ஆர் சமைக்கிறது?”

மாமா சிரித்துவிட்டு எழுதினார். முதல் தாளில் பெடியளுக்குக் கொடுத்தது, பயமும் இருந்தது பாவமும் இருந்தது என்று. இரண்டாவது தாளில் ஆமிக்காரர் இரண்டு பேருக்கும் கொடுத்தது. இரண்டிலும் முத்திரை குத்தியிருக்கிறார். மாமாவுக்கு முன்னால் அவ்வளவு கதைத்த அம்மா வீட்டுக்கு வரும் வழியில், இதாலை என்ரை பிள்ளையைத் திருப்பி அனுப்பிப்போடுவினமோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இதை எழுத வேண்டாம் என்றார், நான் எழுதிவிட்டேன்.

இனி அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். மகனே, உனக்கு ஒரு குறையும் வராது. விசாரணையில் அவசரப்பட்டுக் கதைக்காதே, கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேள், சாப்பிட்டுவிட்டுப் போ. இரண்டாவது தாளைத் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். வழக்கறிஞர் வேண்டாம் என்றால் எடுத்துவிடு, அம்மாவுக்கு மனவருத்தம் இல்லை. வைப்பதென்றால் மொழிபெயர்ப்பாளரிடம் விடாதே. எழுந்து நின்று நீயே வாசி.

இப்படிக்கு,
நீ இங்கே திரும்பி வரக்கூடாது என்று கந்தனுக்கு நேர்ந்திருக்கும் அம்மா,
செ. நாகேஸ்வரி
(பேரை அம்மாவே எழுதினார்)