இரண்டு மூட்டை அரிசிக்கு ஒரு நோட்டீஸ்

காட்டுமன்னார்கோயில்,
மார்ச் 9.

மரியே வாழ்க.

நில உரிமையாளர் திரு. சகாய ஆனந்த் அவர்களுக்கு, தங்கள் குத்தகைதாரர் ஆரோக்கிய ராணி எழுதிக்கொள்வது.

இப்படித்தானே எழுத வேண்டும்? முதலில் "அன்புள்ள தம்பிக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு உன் வக்கீல் அனுப்பிய நோட்டீஸை இன்னொரு தரம் எடுத்துப் படித்தேன். மூன்று பக்கத்தில் அக்கா என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் விழவில்லை. நீ கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற தபாலில் அனுப்பினாய். நானும் அப்படியே அனுப்புகிறேன், நன்றாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

இங்கு உன் மாமா சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, அதற்கு மருந்து உன்னிடம் இருக்கிறது. நோட்டீஸைப் படித்துக் காட்டினதும் உன் மாமா, "மச்சான் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல ராணி, யாரோ எழுதிக் குடுத்துருப்பாங்க, இவன் பாக்காம கையெழுத்துப் போட்டுருப்பான்" என்றார். தேவசகாயம் என்று பேர் வைத்தால் மனிதன் இப்படித்தான் இருப்பார் போல. நீ நில அளவைத் துறையில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவன். பத்திரத்தில் ஒரு கமா தப்பினாலும் கண்டுபிடிக்கிறவன். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நீ இல்லை, நான்தான்.

அதை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். ஏரித் தண்ணீர் பாயும் இரண்டு காணி நிலம், பிள்ளைகள் நாம் இரண்டு பேர். உனக்கு வெளிநாட்டில், புதிதாக விடுதலை வாங்கிய அந்த நாட்டில், நிலத்துறை ஆலோசகர் வேலை வந்தது. "சொத்து காட்டச் சொல்றாங்கக்கா, கொஞ்ச நாளைக்கு என் பேர்ல இருக்கட்டும், யாரு பேர்ல இருந்தா என்னா" என்று என் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். மறுநாள் வி.ஏ.ஓ. ஆபீஸில் எனக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். எங்கே போடணும் என்று கேட்டேன், நீ விரல் வைத்த இடத்தில் போட்டேன். தம்பி விரல் வைத்த இடத்தைப் படித்தா பார்ப்பார்கள்?

உழுதது நான். நட்டது நான். போன கார்த்திகை மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வரப்பை வெட்டிவிட்டது உன் மாமா. ஒவ்வொரு அறுவடைக்கும் முதல் படியைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டு மூட்டையை மில்லில் தீட்டி, செம்மண்டலத்தில் உன் வீட்டுக்கு அனுப்பினேன். கடை அரிசி உன் பிள்ளைகள் தின்னக் கூடாது என்று அனுப்பினேன். மற்ற மூட்டையோடு கலந்துவிடக் கூடாதென்று வாயை என் பழைய சேலைக் கரையால் தைத்து அனுப்பினேன்.

உன் நோட்டீஸ் என்ன சொல்கிறது? "மேற்படி குத்தகைதாரர் எமது கட்சிக்காரருக்கு ஆண்டுதோறும் இரண்டு மூட்டை அரிசி குத்தகையாகச் செலுத்தி வந்துள்ளார்." அதற்குச் சாட்சியாக உன் பெண்டாட்டி நித்யா மேரி எனக்கு அனுப்பிய செய்தியையே இணைத்திருக்கிறாய். "அண்ணி, ரெண்டு மூட்டையும் வந்து சேந்துடுச்சி, புள்ளைங்க புது அரிசிக்குத்தான் காத்துட்டு இருந்துச்சிங்க" என்று பாவம் அவள் ஆசையாகப் போட்டது. அதற்கு ஆவணம் எண் மூன்று என்று பேர். அடப்பாவி! சீர் அனுப்பினவளுக்கு ரசீது போட்ட குடும்பம் இந்த ஜில்லாவிலேயே நம் குடும்பமாகத்தான் இருக்கும்.

இந்த மாதம் முப்பத்தொன்றுக்குள் நிலத்தைக் காலி செய்ய வேண்டுமாம். மனைப் பிரிவு போடுகிறவருக்கு விலை பேசியாயிற்றாம். உளுந்து பூத்து நிற்கிறது, ஆனந்த். சித்திரை பிறந்தால்தான் அறுக்க முடியும்.

இனி உன் வீடியோவைப் பற்றி. குடும்ப குரூப்பில் நீயே போட்டாயே. அந்த நாட்டு ஜனங்கள் மரத்தடியில் கூடியிருக்க, நீ கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பேசினாய். கொடி ஏற்றிப் பதினைந்து வருஷம் ஆன நாடு, இப்போதுதான் நிலச் சட்டம் எழுதுகிறார்கள். ஆளுக்கு ஆள் பத்திரம் கொடுத்துவிடலாம் என்று ஒரு கட்சி, வேண்டாம், நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்கட்டும், உழுகிறவனுக்கு நீண்ட குத்தகை கொடுக்கலாம் என்று இன்னொரு கட்சி. நீ இரண்டாவது கட்சி. "பத்திரம் குடுத்தா நாளைக்கே பணக்காரன் வாங்கிட்டுப் போயிடுவான், ஒரு கையெழுத்துல போன நெலம் திரும்பாது. பயிர் நிக்கிறப்ப உழுவறவன கெளப்பக் கூடாதுன்னு சட்டத்துல எழுதுங்க" என்று நீ சொன்னதாகத் தமிழில் நீயே கீழே எழுதியிருந்தாய். அங்கே ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று கை தட்டினாள். நானும் இங்கே தட்டினேன். என் தம்பி என்று பால்காரர் சுப்புராயனிடம்கூடக் காட்டினேன். இப்போது அந்தக் கையைத்தான் வெட்டிப் போடலாமா என்றிருக்கிறது.

ஊருக்கு உபதேசம், தனக்கு இல்லை! அந்தப் பெண்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். குத்தகையோ பத்திரமோ, முதலில் "எழுந்து போ" என்று சொல்கிற வாய் யாருடையது என்று பார்த்துக்கொள்ளச் சொல். கூடப் பிறந்தவனாக இருந்தாலும் விரல் வைத்த இடத்தைப் படித்துப் பார்க்கச் சொல்.

நேற்று டவுன் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் வக்கீலம்மா தமிழ்மணியைப் பார்த்தேன். நோட்டீஸைப் படித்ததும் சிரித்துவிட்டார். "இத எழுதுனவருக்கு நீங்க மாலைதான் போடணும்மா. நீங்க குத்தகைதாரர்னு அவுங்களே எழுத்துல குடுத்துட்டாங்க. பயிர் வெக்கிற குத்தகைதாரர லேசுல கெளப்ப முடியாது, நான் சீக்கிரமே தடை வாங்கித் தரேன்" என்றார். அக்கா என்று உரிமை கேட்டால் பாதி உண்டாம், ஆனால் நான் கொடுத்த கையெழுத்து குறுக்கே நிற்குமாம், வருஷக்கணக்கில் இழுக்குமாம், அதற்குள் நிலம் கைமாறினாலும் மாறிவிடுமாம்.

ஆக, குத்தகைதாரர் என்று போனால் ஜெயிப்பேன். ஒரே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். நான் இத்தனை வருஷமாக அனுப்பிய அரிசி குத்தகைதான் என்று சத்தியம் செய்து போட வேண்டும். இந்தத் தடவை படித்துப் பார்த்தேன். பேனாவைக் கையில் கொடுத்தார்கள். போட முடியவில்லை. அவகாசம் கேட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன், பக்கத்தில் இருந்தவள் யாருக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். தம்பி தவறிவிட்டான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடவுள் மன்னிக்கட்டும், உனக்கு நூறு வயசு.

தவக்காலத்தில் கோபத்தை விடுங்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். எனக்கு விட முடியவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கோபம் இருக்கிறது, இருக்கும். குருத்து ஞாயிறு வரை வக்கீலம்மாவிடம் போக மாட்டேன். திங்கட்கிழமை போவேன். எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவேன் என்பது உன் கையில் இருக்கிறது.

இந்த வருஷத்து இரண்டு மூட்டையும் தீட்டி, வாய் தைத்து, கதவோரம் நிற்கிறது. அனுப்பினால் ஆவணம் எண் நான்கு ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பாவிட்டால் உன் பிள்ளைகள் காத்திருக்குமே என்று இருக்கிறது. எலி மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டது.

நீ எங்கே இருந்தாலும் மாதா உன்னைக் காப்பாற்றட்டும். அந்த நாட்டு ஜனங்களுக்கு நீ சொன்னது நல்ல சொல்தான். அது வீணாகிவிட வேண்டாம்.

கீழே என் பேருக்கு மேலே இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன். ஆபீஸ் படிவங்களில் இருக்குமே, தேவையில்லாததை அடித்துவிடவும் என்று. அடித்துவிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பு, போதும்.

இப்படிக்கு,
உன் அக்கா / உங்கள் குத்தகைதாரர்
ஆரோக்கிய ராணி