நனைந்த சரிவும் உன் ‘ஏலாது’வும்

மூடியைத் திருகியதும் அந்த மணம் வந்தது. மழையில் நனைந்த கற்பலகை, வெட்டிய பச்சை அப்பிள், அடியில் மெல்லிய மண்ணெண்ணெய் வாடை. கொலோனில் நான் அவுஸ்பில்டுங் செய்து பரிமாறும் வேலை பழகுகிற உணவகத்தின் பின்னறையில், நேற்றுப் பின்னேரம், கையில் போத்தலோடு அப்படியே நின்றுவிட்டேன். மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங் வைன். நீயும் நானும் திராட்சை வெட்டிய அதே சரிவு, அதே வருடம்.

போத்தலின் பின்னால் ஒட்டியிருந்த தாளில் இப்படி எழுதியிருந்தது: “ஓயாத மழையிலும் பதறாமல் காத்திருந்த தோட்டக்காரரின் பொறுமைக்கு இயற்கை தந்த பரிசு.” அன்று மாலை அந்தத் தோட்டக்காரரே வருகிறார், விருந்தினர்களுக்கு வைன் சுவைக்கக் கொடுக்கப் போகிறார், ஊற்றும்போது இந்த வரியை நான் தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று எங்கள் மேலாளர் அம்மா சொல்லியிருந்தார்.

பொறுமையாம். நீ கேட்டிருந்தால் கெட்ட வார்த்தையில்தான் பதில் சொல்லியிருப்பாய்.

போன மாசியில் நீ செத்துப்போனாய். எங்கள் ஊர் கெல்சென்கிர்ச்சன் தமிழ்ச் சனம் முழுவதும் உன் செத்தவீட்டில் வந்து நின்று, “அமைதியான பிள்ளை, ஒரு சொல் எதிர்த்துக் கதைக்காது” என்று உன் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னது. நோய் உன் இரத்தத்தைத் தின்றது. மிச்சமிருந்த உன்னைச் சனம் தின்றது. உன்மேலும் ஒரு தாளை ஒட்டித்தான் அனுப்பினார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் முடித்த அந்த இலையுதிர்காலம், கார் லைசென்ஸ் எடுக்கக் காசு சேர்க்கலாம் என்று இரண்டு பேரும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். முதல் நாளே தோட்டக்காரர், இங்கேயே வளர்ந்த உன்னிடம், “நீங்கள் நல்லாய் ஜெர்மன் கதைக்கிறீங்களே” என்றார். “நீங்களும்தான்” என்றாய். எங்களோடு வெட்டப் போலந்திலிருந்து வந்திருந்த பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருடைய வாளி கைதவறி உருண்டது. ஆறு வரை போய்விடும் என்று நினைத்தேன். அவ்வளவு செங்குத்து. உழவு இயந்திரம் ஏறாது. ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனிக் கம்பு. பழப் பெட்டிகளை இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சிறு வண்டி ஓடும், அதில் மனிதர்கள் ஏறக்கூடாது. “திராட்சையாய்ப் பிறந்திருக்கலாமடி” என்று மூச்சு வாங்கினாய்.

அந்த வருடத்தைச் சரிவு காப்பாற்றியது என்று தோட்டக்காரர் சொன்னது உண்மைதான். சித்திரைக் கடைசியில் வந்த உறைபனி ஆற்றோரத்துத் துளிர்களைக் கருக்கிவிட்டிருந்தது. குளிர்ந்த காற்று சரிவில் நிற்காது, வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். மேலே நின்ற கொடிகள் தப்பின. பிறகு மழையே இல்லாத கோடை. பழங்கள் சிறுத்தன, தோல் தடித்தது. வெயில் நாட்களில் சரிவெங்கும் கிடந்த கறுத்த கற்பலகைகள் சூட்டைக் குடித்து வைத்திருந்து பொழுதுபட்ட பிறகும் விட்டுக்கொண்டிருக்கும். வேலை முடிந்து நாங்கள் முதுகைச் சாய்த்ததும் அவற்றில்தான்.

பிறகு மழை பிடித்தது. தாகத்தோடு நின்ற வேர்கள் ஒரேயடியாய்க் குடித்தால் பழம் ஊதும், தோல் வெடிக்கும், வெடிப்பில் பூஞ்சணம் ஏறும். தோட்டக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அழுக முன்னம் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் என்றார். தூறலிலேயே வெட்டினோம். ருமேனியாவிலிருந்து வந்த ஒரு அக்கா கல்லில் வழுக்கி, கம்புகளில் அடிபட்டு அடிபட்டுக் கீழே போனா. மணிக்கட்டு முறிந்தது. அவவைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் வானத்தைத்தான் பார்த்தார்.

மறுநாள் காலையும் மழை. எல்லாரும் தோட்டத்தின் மேல் துண்டுக்கு ஏறுங்கள் என்றார். உள்ளதிலேயே செங்குத்தான துண்டு அது. நீ வாளியைக் கீழே வைத்தாய்.

“ஏலாது” என்றாய். முதலில் தமிழில், பிறகு ஜெர்மனில்.

“ஏன்? பயமா? காலுக்கு வழுக்காத சப்பாத்து தாறன்” என்றார்.

“ஏலாது.”

“பழம் முழுக்க அழுகப் போகுது! ஒரு வருச உழைப்பு!”

“ஓம். ஏலாது.”

“எடியே, காரணத்தைச் சொல்லன்” என்று உன் காதுக்குள் சொன்னேன்.

“காரணம் சொன்னா அதுக்கொரு மறுமொழி வைச்சிருப்பான். சப்பாத்து எண்டா சப்பாத்து தருவான், கயிறு எண்டா கயிறு தருவான். ஏத்தாமல் மட்டும் விடமாட்டான்.”

போலந்துப் பெரியவர் தன் வாளியை உன் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு நான். பிறகு ருமேனியர்கள். தோட்டக்காரர் கத்தினார், கெஞ்சினார், கடைசியில் தன் மகனைக் கூட்டிக்கொண்டு தானே ஏறினார். பாதி வழியில் இரண்டு பேரும் குந்தி இருந்தபடி சறுக்கி இறங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த நாளும் மழை. அதற்கு அடுத்த நாள் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று வந்தது. இரவில் பல்லுக் கூசும் குளிர், விடிய ஆற்றிலிருந்து மூடுபனி, மதியம் வெயில். ஊதிய பழங்கள் வற்றத் தொடங்கின. தரை காய்ந்ததும் முதலில் ஏறியது நீதான். அழுகியவற்றை வெட்டி எறிந்தோம். மிச்சத்தில் இனிப்பு ஏறியிருந்தது, புளிப்பும் குறையவில்லை. அந்த மேல் துண்டுதான் இந்தப் போத்தல்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. காற்று மாறாமல் விட்டிருந்தால் அத்தனையும் அழுகியிருக்கும், பழி எங்கள் தலையில் விழுந்திருக்கும். உனக்கு வைனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஒரு வாய் குடித்துவிட்டு, “சீனி போட மறந்த தேசிக்காய்த் தண்ணி” என்று முகத்தைச் சுளித்தவள் நீ. நீ காப்பாற்றியது வைனை அல்ல, எங்கள் கால்களை. அந்தக் கால்கள் சும்மா நின்றதால் கிடைத்த வைனுக்குத்தான் அவர் பொறுமை என்று பெயர் வைத்து விற்கிறார். அடுத்த வருடம் என்னை மட்டும் வேலைக்குக் கூப்பிட்டார். “அவளும் வந்தால் வாறன்” என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

நேற்று மாலை அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. முதல் மேசைக்கு ஊற்றினேன். மேலாளர் அம்மா சொல்லு என்று கண்ணைக் காட்டினார். சொன்னேன்.

“இந்தப் பழங்கள் காத்திருந்தது உண்மை. காத்திருக்க வைத்தது வேலைக்காரர்கள். நனைந்த சரிவில் ஒரு பெண் விழுந்து கை முறிந்தது. அடுத்த நாள் என் சிநேகிதி ஏற மறுத்தாள். நாங்கள் எல்லாரும் மறுத்தோம். அதற்குள் காற்று மாறிவிட்டது.”

ஒருவரும் கிண்ணத்தைத் தொடவில்லை. வயதான ஒரு அம்மா தோட்டக்காரரைப் பார்த்து, “உண்மையா?” என்று கேட்டார்.

“பிள்ளைக்கு நல்ல கற்பனை” என்று சிரித்தார் அவர். சிரித்தபடியே என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“மற்றவள் எங்கே?” என்றார்.

மேசை முழுவதும் அதைக் கேட்டது. “செத்துப்போனாள்” என்றேன். அவர் உன்னை மறந்திருக்கவில்லை, பார்த்தாயா? அமைதியான பிள்ளையை எவனடி இத்தனை வருடம் நினைவில் வைத்திருப்பான்?

மேலாளர் அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். “மற்ற மேசைகளுக்குத் தாளில இருக்கிறதை மட்டும் சொல்லு. இல்லாட்டி உன்ர அவுஸ்பில்டுங்கை மறந்திடு. ஏன் உனக்கு இந்தப் பிடிவாதம்?”

காரணங்கள் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அந்த அக்காவின் மணிக்கட்டு, உன் செத்தவீடு, உன் பெயர். ஒன்றையும் சொல்லவில்லை. இதற்காக வருகிற திங்கட்கிழமை முதலாளியைச் சந்திக்க டெர்மின் தந்திருக்கிறார்கள். அவரும் ஏன் என்றுதான் கேட்பார், அவரும் ஒரு மறுமொழி வைத்திருப்பார்.

போத்தலை மேலாளர் அம்மாவின் முன்னால் வைத்தேன், நீ வாளியை வைத்த மாதிரி.

“ஏலாது” என்றேன். முதலில் தமிழில்.